மலையாண்டி குழுவைப் பற்றி மிஞ்சிய ஒரு வரி

மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் மலையாண்டி. கரண்டியைப் பிடித்தே கீழச்சிவல்பட்டியில் முப்பது பேர் கொண்ட சமையல் குழுவை உண்டாக்கினார். ஆயிரம் இலைக்கு அவர் கண்ணளவில் போடும் உப்பை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனிதரைத் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஒரு வரி உலுக்கிவிட்டது.

பினாங்கிலிருந்து பெத்தாச்சி செட்டியார் போன் பண்ணினார். ஆவணியில் ஊரில் அவருக்கு அறுபதாங்கல்யாணம். சமையல் மலையாண்டிதான் என்று எப்போதோ முடிவான விஷயம்.

“கம்ப்யூட்டர்ல வாசிச்சேன் மலையாண்டி. கல்லல் ஊர்ல ஒங்க சாப்பாட்டுல நாப்பது பேருக்கு வாந்திபேதியாம்ல. பிள்ளைக வேற ஆள் பாக்கச் சொல்றாக. ஒரு வாரம் பொறுத்துச் சொல்றேன்.”

மலையாண்டி கல்லலில் சமைத்தே நாலு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கே காரைக்குடிக்குப் பஸ் ஏறினார். டெலிபோன் ஆபீசில் ஓய்வு பெற்று இன்டர்நெட் கடை போட்டிருந்த சகாய ஆண்டனி அந்தப் பக்கத்தைத் திறந்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வாசித்தார். வெளிநாடு போன நம்மூர் ஆட்கள் சேர்ந்து ஊர் விவரம் எழுதி வைக்கிற பக்கம்.

“எழுதுனது யாரு?”

“பேரு இல்லண்ணே. இதுல யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம்.”

“நானுமா?”

“நீங்களுந்தான்.”

மலையாண்டிக்கு எட்டுக்கட்டு வீட்டைப் பூட்டே இல்லாமல் உலகத்துக்குத் திறந்து போட்ட மாதிரி இருந்தது.

“அப்ப அத அழிங்க. செட்டிநாட்டுலயே இவுகளுக்கு நிகர் கெடையாதுன்னு போடுங்க.”

“நம்மளப் பத்தி நாமளேவா?”

“உள்ளதத்தான சொல்றேன்.”

ஆண்டனி சிரித்துக்கொண்டே தட்டினார். மறுநாள் பார்த்தால் வாந்திபேதி வரி திரும்ப வந்து, பெருமை வரிக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது.

“இப்பிடியே மல்லுக்கட்ட முடியாதுண்ணே. பக்கத்தப் பாத்துக்கிறவுகளுக்குக் கடுதாசி போடுவம். வையாம, விவரம் மட்டும்.”

பார்த்துக்கொள்பவர் அமெரிக்காவில் ஒரு பெண். கடுதாசி கிடைத்ததும், வாந்திபேதி வரியை எழுதியவரிடம் எந்த வீடு, எந்தத் தேதி, யாருக்கு நோவு என்று அந்தப் பக்கத்திலேயே எல்லாரும் பார்க்கக் கேட்டார். நாலு நாளாகியும் பதில் இல்லை. ஐந்தாம் நாள் வரியை எடுத்துவிட்டு எழுதியிருந்தார்: “ஆதாரம் கேட்டேன், வரவில்லை. நிகர் கிடையாது என்பதற்கும் ஆதாரம் இல்லை. அதையும் எடுத்துவிட்டேன்.”

மிஞ்சியது இவ்வளவுதான்: மலையாண்டி சமையல் குழு, கீழச்சிவல்பட்டி, 1968 முதல்.

“வருத்தமாண்ணே?” என்றார் ஆண்டனி.

“எம் மூஞ்சியப் பாத்ததில்ல, எங் கைச் சோத்தத் தின்னதில்ல. அம்புட்டுத் தூரத்துல உக்காந்து அவனையும் என்னையும் ஒரே கேள்வி கேட்டிருக்கே தம்பி அந்தப் பொண்ணு.” அந்த ஒற்றை வரியை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அன்று சாயங்காலமே செட்டியார் கூப்பிட்டார். “அந்தம்மா கேட்டதையும், ஒருத்தனும் பதில் சொல்லாததையும் பிள்ளைக வாசிச்சுட்டாக. நீங்களே வந்துருங்க.”

அறுபதாங்கல்யாணப் பந்தியில் இலையை மடித்து எழுந்த செட்டியார், “ஒங்களுக்கு நிகர் கெடையாது மலையாண்டி” என்றார்.

மலையாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: “அத அந்தப் பக்கத்துல எழுதுங்க. எந்த வீடு, எந்தத் தேதின்னு மறக்காமப் போடுங்க. இல்லாட்டி அந்தப் பொண்ணு எடுத்துரும்.”