மாமியின் லேப்டாப்பில் இடமில்லை

சாலைக் கடைத்தெருவில் லேப்டாப் பழுதுபார்க்கும் என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே வியாதிதான்: டிஸ்கில் இடமில்லை. நீங்களும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்தானே? கரமனை அக்ரகாரத்து மாமியிடம் நான் பட்ட பாட்டைக் கேட்டால், உங்கள் பாடு தேவலாம் என்று தோன்றும்.

முதல் வெள்ளி

மாமி அக்ரகாரத்தில் எல்லோருக்கும் வரன் பார்த்துக் கொடுப்பவர். அன்று அவருடைய மகள் மைதிலியையே வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவர் வீடியோ காலில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. பன்னிரண்டேகாலுக்கு அழைப்பு. லேப்டாப்போ பழைய குட்டி ரகம், மொத்தமே முப்பத்திரண்டு ஜிபி. அதுவும் நிரம்பி வழிந்ததில் வீடியோ கால் திறக்கவே இல்லை. போனிலேயே பேசலாமே என்றேன். போனில் மூக்கு பெரிதாகத் தெரியுமாம்.

பதினொன்றுக்கே போய் உட்கார்ந்து டெலிட்டை அமுக்கப் போனேன். மாமி பதறிப்போய்த் தடுத்தார். பன்னிரண்டு வரை சும்மா இருந்துவிட்டு, பிறகு வேலையை முடிப்பதற்குள் மாப்பிள்ளை ஆபீஸ் கிளம்பிவிட்டார். மாமி அசரவில்லை.

"பொண்ணு பாக்கற அன்னிக்கு ராகு காலத்துல எதையும் அழிக்கப்படாது, கேட்டியா!"

ஜாதகங்கள்

அழைப்பை அடுத்த வெள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். அன்று டிஸ்க் மறுபடியும் நிறைந்திருந்தது. ஆறு ஜிபி காலி செய்து கொடுத்தேனே, எங்கே போயிற்று? மாமி படம் பிடித்துச் சேர்த்திருந்த ஜாதகங்கள் மேல் எனக்குச் சந்தேகம். எல்லாவற்றையும் பென் டிரைவுக்கு மாற்றினேன். லேப்டாப் நகர்ந்த வேகத்தில் அன்றும் மாப்பிள்ளை கிளம்பிவிட்டார். கல்யாணம் ஆனவர்களின் ஜாதகத்தை அழிக்க விட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்று முணுமுணுத்தேன்.

"அழிச்சு, அதுகள் பிரிஞ்சு போனா பாவம் ஆருக்கு? நோக்கா, எனக்கா?"

வியாழன் சாயங்காலம்

மூன்றாவது வாரம் ஒரு நாள் முன்னதாகவே போனேன். பெரிய ஃபைல்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரே கோயில் உற்சவ வீடியோ ஒன்பது காப்பி! பாதி போன வாரம் போட்டது, மீதி முந்தின நாள் போட்டது. காபி கொண்டுவந்த மைதிலி திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நான்தான் போட்டேன், அண்ணா. வேலையை விட்டுட்டு அங்க வரணும்னு மாப்பிள்ளை ஆத்துல சொல்றா. எனக்கு வய்யா, என்னால முடியாது. அம்மாகிட்ட சொல்ல பயமா இருக்கு."

எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது. அவளைக் கட்டிவைக்க இத்தனை நாள் உழைத்தவன் நானல்லவா? "டிஸ்கை நான் காலி பண்ணிடுவேன். இதை நீதாம்மா சொல்லணும்" என்றேன்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நேரே போய்ப் போனை எடுத்து, "நாளைக்கு வேண்டாம், இந்தப் பேச்சே வேண்டாம்" என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னார். வைத்துவிட்டு மகளிடம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் பழைய குரல்தான்.

"இதை என் மூஞ்சியப் பாத்துச் சொல்லப்படாதாடி? மூணு வாரமா அந்தப் பெட்டியையா போட்டுப் படுத்தினே?"

இப்போதெல்லாம் எதை அழிக்கலாம் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் யார் நிரப்புகிறார்கள் என்று விசாரித்துக்கொள்கிறேன்.