தூக்கத்தில் அசைந்த கை

எல்லைக் கிளர்ச்சி நடந்த காலத்தில், ஒரு கையைப் பார்ப்பதற்காக எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அது என் தாய்மாமாவின் வலது கை. பாறசாலைச் சந்தைக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்தவர் அவர். தமிழ் பேசும் எங்கள் பகுதியை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்து மதராசோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டுப் போன ஊர்வலத்தில் அவரும் போனார். போலீஸ்காரர் ஒருவரின் தடி தோளில் விழுந்தது. வீக்கம் சீக்கிரமே வடிந்துவிட்டது. கை மட்டும் திரும்பி வரவில்லை. பிழிந்து போட்ட துணி மாதிரித் தொங்கிற்று. எலும்பு முறியவில்லை, ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாமாவுக்குக் கல்யாணமாகவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, தனுவச்சபுரத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். இடது கையால் சாப்பிடுவதில் அவருக்குக் கூச்சம். அம்மை சோற்றை வைத்துவிட்டு எங்களையெல்லாம் அடுக்களையை விட்டு விரட்டிவிடுவாள்.

அப்பா நெய்யாற்றின்கரையில் சர்க்கார் குமாஸ்தா. சம்பளம் தருகிற சர்க்காரை எதிர்த்து அடிவாங்கிய மச்சினன் வீட்டில் இருப்பது அவருக்கு நிம்மதி தருகிற விஷயமல்ல. மேலதிகாரி ஒருநாள் சிரித்துக்கொண்டே மலையாளத்தில் மச்சினனின் சுகத்தை விசாரித்தாராம். அன்று அப்பா ராத்திரிச் சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிட்டார்.

கிளர்ச்சிக்காரர்களுக்கோ மாமாவின் கை பெரிய சொத்து. கூட்டங்களுக்கு அழைத்துப்போய் மேடையில் உட்கார வைப்பார்கள். பேசுகிறவர் பேச்சின் நடுவில் அந்தக் கையை உயரத் தூக்கிக் காட்டிவிட்டு விட்டுவிடுவார். அது தொப்பென்று விழும். கூட்டம் கொதிக்கும். மாமாவின் கால் பெருவிரல் மட்டும் தரையைக் கிண்டிக்கொண்டிருக்கும். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்; வேறு யாரும் காலைப் பார்க்கவில்லை.

அம்மை ஒரு வைத்திய ஆசானை வரவழைத்தாள். அவர் தினமும் எண்ணெய் தேய்த்து உழிந்துவிடுவார். நரம்பெல்லாம் நேரேயாகத்தான் இருக்கிறது என்பது அவருடைய முடிவு.

"கை தனக்க கையாக்கும்ணு அவனுக்கு ஓர்மை இல்லை, அம்மா. அந்த நினைப்பு வந்தா கையும் வரும்" என்றார்.

எப்போது வரும் என்று அம்மை கேட்டாள். அது தனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு, எண்ணெய் தீரப்போகிறது என்றார்.

ஒரு மத்தியானம் மாமா பாயில் உறங்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் உதட்டில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. வலது கை எழுந்து, ஈயை விரட்டி, கழுத்தைச் சொறிந்துவிட்டு, நெஞ்சின்மேல் போய்ப் படுத்துக்கொண்டது. எந்தச் சிரமமும் இல்லை. யாருடைய கையும் அப்படித்தான் செய்யும். நான் அவரை எழுப்பவில்லை.

அதை நான் வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒருநாள் முற்றத்தில் அப்பாவோடு உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், "உம்ம மச்சினனுக்க ஒத்தக் கையை வச்சே ஒரு தாலூகாவை வாங்கிருவாங்க போலிருக்கே" என்றார். அப்பா முகம் சுருங்கிற்று. நான் இடையில் புகுந்து, அந்தக் கை அசையும், உறங்கும்போது அசையும், நான் கண்டேன் என்றேன். பெரியவர்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் சொன்னேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா உறங்கியதும் அப்பா ஓர் ஈர்க்குச்சியோடு பாயருகே குந்தினார். பக்கத்து வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றார். குச்சி மூக்கில் பட்டதும் கை எழுந்தது. அப்பா அதை அந்தரத்தில் எட்டிப் பிடித்தார். மாமா விழித்துக்கொண்டார்.

"எலே, இது என்னது?" என்று அப்பா கேட்டார்.

"நீங்கதானே தூக்கிப் பிடிச்சிருக்கீங்க, அத்தான்" என்றார் மாமா.

அப்பா பிடியை விட்டார். கை விழுந்தது. விழவும் நல்லா படிச்சு வச்சிருக்கான் என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. பிடிபட்ட திருடனின் முகத்தை எதிர்பார்த்து நான் மாமாவைப் பார்த்தேன். யாரோ தன் பாயில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் நடிப்பென்றே எடுத்துக்கொண்டேன்.

செய்தி சந்தைக்குப் போனது. மேடைக்கு அழைக்க வந்துகொண்டிருந்தவர்கள் வராமலானார்கள். ஆசானை இனிமேல் வரவேண்டாமென்று அப்பா சொல்லியனுப்பினார். "தையல்காரரே, உறங்கிட்டே எனக்கொரு சட்டை தைச்சுத் தாருமே" என்று ரோட்டில் ஒருவர் கேட்டபோது நான் மாமாவின் கூடவே நடந்துகொண்டிருந்தேன். அவர் அதற்குப் பிறகு பகலில் படுக்கவேயில்லை. என்னிடம் மட்டும் எப்போதும்போலவே இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பின்னாளில் நான் மனோதத்துவம் படித்து, ஓய்வு பெறும்வரை கல்லூரியில் அதையே பாடம் நடத்தினேன். உடம்பில் கோளாறில்லாமலே ஓர் உறுப்பு செயலற்றுப் போவதுண்டு, அது நடிப்பல்ல, அந்த உறுப்பு தூக்கத்தில் அசைவதைப் பார்த்தவர் பக்குவமாக எடுத்துச் சொன்னால், நோயாளிக்கு நம்பிக்கை பிறந்து சில சமயம் அது மீண்டு வரும். இதையெல்லாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மாமாவைப் பற்றிச் சொன்னதில்லை. எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றது. மாமா அதற்கு முன்பே மார்த்தாண்டத்திலிருந்த ஓர் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அங்கே இடது கையால் துணி வெட்டப் பழகிக்கொண்டார். சாகும்வரை வலது கை தொங்கிக்கொண்டே இருந்தது.

அவர் புறப்படுவதற்கு முந்தின நாள் நாங்கள் இரண்டு பேரும் குளத்துக்குப் போனோம். குளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தபோது மாமா மெதுவாகக் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"மக்கா, நீ கண்டேன்னு சொன்னேல்லியா, அது எப்படித் தூக்கிச்சு? விரல் மடங்கிச்சா? அத்தான் பிடிச்ச பொறவுதான் நான் முழிச்சேன். நான் பாத்ததில்லை. நீதானே பாத்தே."

இப்படி ஒரு சமயத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். பதிலை முன்பே தயார்செய்து வைத்திருந்தேன். பொய்யன் என்ற பெயரை நான் வாங்கிக்கொண்டால் அது அவரை விட்டுப் போய்விடும் என்பது என் கணக்கு.

"நான் ஒண்ணும் காணல்ல, மாமா. சும்மா சொன்னதாக்கும்."

"ஒரு விரல்கூட அசையல்லியா?"

"சத்தியமா இல்லை."

அவர் சரி மக்கா என்றார். இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துத் துவர்த்துத் துண்டால் துடைத்தார்.

மறுநாள் காலையில் அவர் பஸ் ஏறினார். மாமாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அவ்வளவு சந்தோஷமாக நான் அன்று பள்ளிக்கூடம் போனேன்.