இஸ்திரி போட்ட சுத்தம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. எல்லோருக்கும் அவள் சுடுதண்ணி அக்கா. அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதில் பீரோ அளவுக்கு ஓர் ஆட்டோகிளேவ். ஆபரேஷன் கத்தரி, இடுக்கிகளைத் துணியில் பொட்டலம் கட்டி, அந்த மெஷினில் நீராவியால் கிருமியைக் கொன்று மாடிக்கு அனுப்புவதுதான் பத்தொன்பது வருஷமாக அவள் வேலை.

வீட்டிலும் லேசுப்பட்டவள் அல்ல. நாத்தனார் கை கழுவாமல் சொம்பைத் தொட்டால் போதும், சொம்பு உடனே அடுப்பில் கொதிக்கும்.

"உன் பொண்டாட்டி என்னையும் ஒருநாள் அவிச்சுடுவா அண்ணா!"

"பானை சின்னது, பயப்படாதே" என்பான் புருஷன்.

அப்படிப்பட்டவளின் மெஷினில் கதவு ரப்பர் தேய்ந்து, ஆவி புஸ்ஸென்று கசிந்தது. பொட்டலங்களோடு உள்ளே வைத்து எடுக்கும் சோதனைக் குப்பி ஒன்று உண்டு. கிருமி செத்திருந்தால் ஊதாவாகவே இருக்கும், பிழைத்திருந்தால் மறுநாள் மஞ்சளாகும். பளிச்சென்று மஞ்சள்! குப்பியை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினாள். அந்த மனிதருக்குக் கிருமியைவிட ஆய்வுக் குழுவிடம்தான் பயம்.

"நாளைக்குக் குழு வருதும்மா. இப்பப் போய் ரப்பரு கிப்பருன்னுட்டு! பொட்டலத்து டேப்புல கறுப்புக் கோடு வந்திருக்கா, அதைச் சொல்லு."

"மங்கலா வந்திருக்கு சார். ஆனா வெளியில சூடு பட்டாலே கோடு வந்துடும். உள்ள கிருமி செத்துச்சான்னு கோட்டுக்கு என்ன தெரியும்?"

"குழுவுக்கு மட்டும் தெரியுமா?"

சலவைப் பிரிவிலிருந்து ஆவி இஸ்திரிப் பெட்டி வந்தது. நாற்பது பொட்டலத்து டேப்பையும் மேலாளரே நின்று தேய்க்க வைத்தார். கோடுகள் கன்னங்கரேலென்று எழுந்தன. மறுநாள் குழு வந்தது, கோடுகளைத் தடவிப் பார்த்தது, பிஸ்கட் தின்றது, சுத்தத்துக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனது. அட, ஒருத்தராவது குப்பியைக் கேட்டாரா? கேட்கவில்லை.

"குழு பார்த்த பொட்டலம், அதையே ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பு. மாட்டேன்னா நாளையிலேர்ந்து வராதே" என்றார் மேலாளர். நாற்பதும் மாடிக்குப் போயின.

அடுத்த நாள் காலை லிஃப்டில் ஸ்ட்ரெச்சரில் ஒரு தையல்காரர் படுத்திருந்தார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன்.

"வலிக்குமாம்மா?" என்று இவளைக் கேட்டார்.

பத்தொன்பது வருஷத்தில் மாடிக்குப் போன எந்தப் பொட்டலத்துக்கும் அவள் பயந்ததில்லை. நேரே தியேட்டர் அலமாரிக்குப் போனாள். நாற்பது பொட்டலத்தையும் சரசரவென்று பிரித்துப் போட்டாள். பிரித்ததை யாரும் பயன்படுத்தக் கூடாது, அது தியேட்டரின் சட்டம்.

செய்தி கேட்டு மேலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். பின்னாலேயே அறுவை டாக்டரும் நர்ஸ்களும்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? அத்தனையும் சுத்தமான பொட்டலம்!"

"சுத்தம்தானே சார்?" அவள் ஒரு கூர்க்கத்தரியை எடுத்தாள். "விரலைக் காட்டுங்க. நுனியில லேசா ஒரு கீறல். அந்தத் தையல்காரருக்கு வயித்தையே கிழிக்கப் போறாங்க."

மேலாளர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

டாக்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு முகக்கவசத்தைக் கழற்றி, "தையல்காரரை வார்டுக்குக் கொண்டு போங்க" என்றார்.

மூன்றாம் நாள் புது ரப்பர் வந்தது. அதே நாளில் அவளுக்குப் பதினைந்து நாள் தற்காலிக நீக்க உத்தரவும் வந்தது. காரணம் என்று எழுதியிருந்தது இதுதான்: பணி நேரத்தில் மேலாளரின் விரலைக் கேட்டது.