செயின் இல்லாத அமெரிக்க வண்டி

எட்டாம் வகுப்பில் நான் மூன்று நாள் வகுப்புக்கு வெளியே நின்றேன். ஒரு மோட்டார் சைக்கிளுக்குச் செயின் வரைய மறுத்ததுதான் காரணம்.

பார்த்த இயந்திரம் ஒன்றை வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும் என்பது சயின்ஸ் சார் கொடுத்த வேலை. பாதிப் பேர் தையல் மெஷினை வரைந்தார்கள், மீதிப் பேர் சைக்கிளை. என்னிடம் அதைவிட நல்லது இருந்தது. பெங்களூரில் வேலை செய்த மாமா, அறையில் கூட இருந்தவரிடம் இரவல் வாங்கிய அமெரிக்கப் பத்திரிகை ஒன்றை ஞாயிற்றுக்கிழமை எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அதன் நடுப்பக்கத்தில் அந்த வண்டி நின்றது. எஞ்சினை மறைக்க ஒரு தகடுகூடக் கிடையாது. ஆயிரத்து இருநூற்று மூன்று சி.சி.; காற்றிலேயே சூடு ஆறும் இரண்டு சிலிண்டர்கள், நாற்பத்தைந்து டிகிரி விரிந்தவை. சக்கர மையத்துக்குச் சக்கர மையம் ஐம்பத்தைந்து அங்குலம். முன்சக்கரத்தில் ஒரே ஒரு டிஸ்க், ஆனால் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. பின்சக்கரத்தைச் சுழற்றுவது பல் வைத்த பெல்ட். சைலன்சர் எஞ்சினுக்கு அடியில். பின்பக்க ஷாக் அப்சார்பரும் அங்கேயே படுத்திருந்தது. எடை கீழே இருந்தால் வளைவில் வண்டி சொன்னபடி கேட்குமாம்.

மாமா மாலை ரயிலைப் பிடிப்பதற்குள் ஸ்கேல் வைத்து அத்தனையும் நோட்டில் வரைந்து எடுத்துவிட்டேன். பத்திரிகை அவரோடு போய்விட்டது.

சார் என் நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். "இன்னாம்மா இது, செயின் எங்க? சைலன்சர் எங்க?"

"அடியில கீது சார்."

"வண்டி முழுகாம இருக்குது சார்!" என்றான் பின்பெஞ்சில் ஒருவன். "மேல ஒண்ணும் போட்டுக்கல, வெக்கங்கெட்ட வண்டி!" என்றான் இன்னொருவன். வகுப்பு சிரித்து அடங்கியபோது படத்தின் மேல் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு விழுந்திருந்தது. செயினோடு திருப்பி வரைந்து வரும்வரை உள்ளே வரக்கூடாது என்றார் சார். நான் வரையவில்லை.

"ஒரு செயின போட்டுக் குடுத்துட்டுதான் வாயேன். இன்னா கொறைஞ்சிடும் உனக்கு?" என்றாள் அம்மா.

"அதுல செயின் இல்லம்மா."

"அமெரிக்காக்காரன் வந்து பாக்கப் போறானா?"

மூன்றாம் நாள் அப்பாவை அழைத்துவரச் சொன்னார்கள். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ரோப்பு பார்க்கும் வேலை. ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டான கேஜ் தொங்கும் இரும்புக் கயிற்றை மெல்ல ஓடவிட்டு, கழிவுப் பஞ்சைக் கையில் பிடித்து அதன்மேல் வைத்திருப்பார். கம்பி ஒரு இழை அறுந்திருந்தாலும் பஞ்சு சிக்கிக்கொள்ளும். எங்கே சிக்கியது என்பதை ரோப்பு புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஷிஃப்ட் ஆட்கள் கீழே இறங்குவார்கள்.

அவர் ஷிஃப்ட் முடிந்து, முகம் மட்டும் கழுவிக்கொண்டு வந்தார். சிவப்புக் கோடு போட்ட பக்கத்தை நின்றபடியே வெகுநேரம் பார்த்தார்.

"சார், ரோப்பு புக்குல நான் எழுதினத அடிக்கணும்னா மேனேஜரே ஆனாலும் வந்து ரோப்ப தொட்டுப் பாத்துட்டுத்தான் அடிக்கணும். நீங்க இன்னாத்த பாத்து அடிச்சீங்க?"

"இதுல பாக்க இன்னாங்க கீது? செயின் இல்லாம வண்டி ஓடுமா?"

"எனக்குத் தெரியாதுங்க. இவ பாத்தத எழுதிக்கீறா."

"அப்ப நான் பொய் சொல்றேன்றீங்களா?"

"இல்லீங்க. நீங்க பாக்கலன்றேன்."

அதிகாரிகள் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடும் மனிதர் அவர். அன்று குரலையும் உயர்த்தவில்லை, நகரவும் இல்லை. சார் நோட்டை வாங்கி, சிவப்புக் கோட்டின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். மார்க் போடவில்லை. நாளையிலிருந்து உள்ளே உட்காரச் சொன்னார்.

வெளியே வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "நைனா, அந்த பெல்ட்டு சத்தமே போடாதாம். எண்ணெ கூட விடத் தேவையில்லயாம்" என்றேன்.

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் ஓடாதும்மா. சைலன்சர அடியில வெச்சா நம்ம ரோட்டுல மொத கல்லுலயே பூடும். பெல்ட்டு எப்படி அவ்ளோ இழுப்பு தாங்கும்? எவனோ அழகுக்குப் படம் போட்டுக்கீறான்."

பின்னால் ஏறி உட்காரச் சொன்னார். மாட்டேன் என்று வீடுவரை நடந்தே வந்தேன். அவரும் ஏறவில்லை, பத்தடி பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். இத்தனைக்கும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து போனவர்.

அந்த நாளுக்கு என் டைரியில் ஒரே வரிதான் இருக்கிறது: நைனாவும் சார் கட்சிதான்.