கரண்டு அக்கா வெட்டிய குச்சி

அந்த ஆபீஸின் மூன்றாம் மாடியில் அவரைத் தவிர முப்பத்தெட்டு பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் இருபத்தொன்பது பேர் அவரைக் கரண்டு அக்கா என்று கூப்பிடுவார்கள். மிச்சம் ஒன்பது பேர் அவரைவிட வயதில் பெரியவர்கள். அவர்களுக்கு அவர் கரண்டம்மா.

சம்பளம் என்னவோ பில் பிரிவில்தான். ஆனால் ஃபோனில் சார்ஜ் ஏறவில்லையா, பிரிண்டர் மூச்சு விடவில்லையா, ஆள் தேடிப் போவது அவர் மேசைக்கு. ரெண்டு குச்சி சார்ஜர் பிளக் பாயிண்டில் இறங்க மறுத்தால், மேலே இருக்கும் பெரிய துளையில் பேனா மூடியை விட்டு ஓர் அழுத்து அழுத்துவார். கீழ்த்துளை ரெண்டும் வாயைத் திறந்துவிடும். அந்த வித்தையை மாடி முழுக்கப் பரப்பியவரும் அவர்தான். "எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போட்டா, அவர் வர்றதுக்குள்ள நாம ரிட்டயர் ஆயிடுவோம்" என்பார். எத்தனையாவது தடவை சொன்னாலும் சிரிப்பார்கள்.

டீ போடும் பான்ட்ரிக்குப் புது எவர்சில்வர் கெட்டில் வந்தபோதும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கெட்டிலின் பிளக்கில் மூன்று குச்சி. அங்கே இருந்த பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ரெண்டே துளை. அக்கா ஒரு ரம்பப் பிளேடை வாங்கி, மேலே இருந்த தடித்த குச்சியை அடியோடு அறுத்துப் போட்டார். பிளக் கச்சிதமாக உட்கார்ந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

டீ போடும் அம்மாவை எல்லோரும் டீயம்மா என்பார்கள். அவர் கெட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஒரு குறி இருந்தது. ஒரு கோடு நேராக இறங்கியது. அதன் கீழே படுக்கைவசமாக மூன்று கோடுகள், போகப் போகச் சின்னதாக.

"இது என்ன மேடம், படிக்கட்டு மாதிரி?"

"கீழ்ப்பக்கம் சூடாகும்னு அர்த்தம். கை வெச்சிடாதீங்க."

ஒரு வாரம் கழித்து டீயம்மா டம்ளரோடு அக்காவின் மேசைப் பக்கம் நின்றார். "மேடம், விரல்ல சுருக் சுருக்குன்னு எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு. டீ போடுறப்பதான் ஜாஸ்தி."

அக்கா பில்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என் நாத்தனாருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. சர்க்கரையாத்தான் இருக்கும். இனிப்ப நிறுத்துங்க. வெறுங்கால்ல நடக்காதீங்க."

டீயம்மா ரப்பர் செருப்பு வாங்கினார். மறுநாளே எறும்பு ஓடிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை என்றுதான் வந்தது. "இப்பதானே ஆரம்பம், அதெல்லாம் டெஸ்ட்ல தெரியாது" என்றார் அக்கா. டீயம்மா நம்பினார். நம்பாமல் என்ன? செருப்புப் போட்டதும் விரல் சரியாகிவிட்டதே. அன்றிலிருந்து மாடி முழுக்கச் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்துவிட்டு, தனக்கு மட்டும் கசக்கக் கசக்க ஊற்றிக்கொள்வார். "மேடம் மட்டும் சொல்லலைன்னா என் கதி என்ன ஆயிருக்கும்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். கரண்டோடு வைத்தியமும் தெரிந்தவர் என்று அக்காவின் பெயர் இரண்டாம் மாடிவரை இறங்கியது.

ஆறு மாதம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள், எல்லோருக்கும் மின் பாதுகாப்புப் பயிற்சி என்று மாடியிலேயே ஏற்பாடு செய்தார்கள். அக்கா புதுப் புடவையில் வந்தார். மீட்டிங் ரூமுக்குப் போகும் வழியில், டீயம்மா பான்ட்ரித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செருப்பு வாரு அறுந்துடுச்சு மேடம். இன்னிக்கு ஒரு நாள் வெறுங்கால்தான். திட்டாதீங்க."

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது" என்று சொல்லிவிட்டு அக்கா போனார்.

"நம்ம எலக்ட்ரிக்கல் டிபார்ட்மெண்டே நீங்கதானே, முன்னாடி வாங்க" என்று மேனேஜர் முதல் வரிசையில் இடம் காட்டினார். பயிற்சி கொடுக்க வந்தவர் பலகையில் ஒரு படம் போட்டார். நேராக ஒரு கோடு, கீழே மூன்று கோடுகள்.

"இது என்ன, யாராவது சொல்லுங்க."

"கீழ்ப்பக்கம் சூடாகும்னு அர்த்தம் சார்." அக்காவின் குரல் கணீரென்று வந்தது.

பயிற்சிக்காரர் சிரிக்கவில்லை. "இல்லைங்க. இது எர்த்து. ஒரு பொருளோட உடம்புல கரண்டு கசிஞ்சா, அது மண்ணுக்குள்ள இறங்குற வழி. பிளக்ல மேல தடியா ஒரு குச்சி இருக்குல்ல, அது இதுக்குத்தான்."

"அது இல்லாமலும் ஓடுதே சார்" என்றது ஒரு பின்வரிசைக் குரல்.

"ஓடும். வம்பே அதுதான். கசியுற கரண்டு வேற வழி தேடும். தொட்டுட்டு நிக்கிற ஆள்தான் அந்த வழி. முதல்ல விரல்ல எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். ரப்பர் செருப்பு போட்டா அதுவும் தெரியாது, சரியாப் போச்சுன்னு விட்டுடுவாங்க. அப்புறம் ஒரு நாள் செருப்பு இல்லாம, ஈரத் தரையில நின்னுட்டுத் தொடுவாங்க."

 அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "டீக்கு இன்னும் நேரம் இருக்குக்கா" என்று யாரோ சொல்ல, ரூமே சிரித்தது. அவர் ஓடினார்.

பான்ட்ரித் தரை இன்னும் காயவில்லை. கெட்டிலில் சிவப்பு விளக்கு எரிந்தது. டீயம்மா கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தொடாதீங்க. பின்னால வாங்க டீயம்மா."

அக்கா சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கினார். 

"என்ன மேடம், என்ன ஆச்சு?"

வயர் சரியில்லை என்று சொல்லி முடித்திருக்கலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. டீயம்மாவின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"உங்களுக்குச் சர்க்கரை இல்ல டீயம்மா. எப்பவுமே இல்ல. உங்களைக் கடிச்சது இந்தக் கெட்டில். நான் இந்தக் குச்சிய வெட்டினதால."

டீயம்மா பிளக்கைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

"என் பொண்ணு கல்யாணத்துல சம்பந்தியம்மா ஸ்வீட் எடுத்து வாய்கிட்ட நீட்டினாங்க மேடம். வேணாம்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அதை இன்னும் சொல்லிக் காட்டுறாங்க."

 நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அக்காவுக்குப் பட்டது. டீயம்மா டப்பாவைத் திறந்து ஒரு ஸ்பூன் சர்க்கரையை அப்படியே வாயில் போட்டு மென்றார்.

"நீங்கதான் காப்பாத்தினீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனே. அதை இப்ப எப்படித் திருப்பி வாங்குறது?"

அக்கா கெட்டிலை வயரோடு தூக்கிக்கொண்டு மீட்டிங் ரூமுக்குத் திரும்பினார். டீயம்மாவும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். பயிற்சிக்காரர் பிளக்கை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினார்.

"இது யார் வேலை?"

"எங்க கரண்டு அக்காதான் சார்" என்றார் ஒருவர், பெருமையாக.

"ஆமா சார், நான்தான்." இந்த முறை குரல் எழும்பவில்லை. "பேனா மூடிய விடுறதும் நான் கத்துக் குடுத்ததுதான். இவங்க விரல்ல சுருக்குன்னு இருக்குன்னு வந்து கேட்டாங்க. சர்க்கரைன்னு சொல்லிட்டேன். இவங்களுக்குச் சர்க்கரையெல்லாம் இல்ல." கடைசி வாக்கியத்தைப் பின்வரிசையைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை. சாய்ந்து கிடந்த நாற்காலியை அவரே நிமிர்த்தி உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து பான்ட்ரியில் மூன்று துளை பாயிண்ட் வைக்கிறார். அதுவரை மூன்றாம் மாடிக்கு டீ இரண்டாம் மாடியிலிருந்து வரும்.