“மாமியிட்ட குடுத்தன்”

மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கேக்கில் மெழுகுதிரி ஏற்றும் நேரம் பிள்ளையைக் காணவில்லை.

“மாமியிட்டதானே குடுத்தன்” என்றார் கணவர்.

பிள்ளைக்கு அங்கே இரண்டு மாமிமார். ஒருவர் கணவரின் அக்கா, மற்றவர் என் அண்ணாவின் மனைவி. முன்வாசலில் பலூன் கட்டிக்கொண்டிருந்த அக்கா, “மாமியிட்டப் போங்க எண்டு அப்பவே இறக்கிவிட்டுட்டனே” என்றார். குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த மற்ற மாமிக்கு முகம் வெளிறிவிட்டது. “என்னட்ட வரவே இல்லையே!”

அவர் முதுகுக்குப் பின்னால் குசினியின் பின்கதவு திறந்து கிடந்தது. வளவு முடிகிற இடத்தில் வாவி.

ஓடினேன். பாட்டுச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கரையோரம் ஒரு மஞ்சள் பலூன் மிதந்தது. அதை எட்டிப் பிடிக்க, முழங்காலளவு தண்ணீரில் குனிந்து நின்றாள் என் மகள். அள்ளித் தூக்கினேன். அவளோ பலூனுக்காக அழுதாள்.

இப்போது எங்கள் வீட்டில் வெறும் ‘மாமி’ கிடையாது. பெயரைச் சொல்லித்தான் பிள்ளையைக் கொடுக்கிறோம். வாங்குபவர் “எடுத்திட்டன்” என்று வாய்திறந்து சொல்லும்வரை நான் கையை விடுவதில்லை.