நான் போட்ட எழுபத்தெட்டு

தொட்டியம் பக்கத்துக் காவிரிக்கரை ஊர் ஒன்றில், அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக ஏழு வருடம் வேலை பார்த்தேன். நான் சேர்ந்த வருடம் ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கடைசி வருடம் பதினோரு பேர்தான். மற்றவர்களைக் காலையில் தனியார் பள்ளி வேன்கள் ஏற்றிப் போயின.

எங்கள் தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. துப்புரவுக்கு ஆள் வராத நாளில் தானே கழிப்பறையைக் கழுவுவார். விடைத்தாள் திருத்தும் சமயத்தில் மட்டும் என்னருகே வந்து உட்காருவார்.

"மார்க்கைக் குறைச்சா நாளைக்கே டிசி கேட்டு வந்து நிப்பாங்க. இன்னும் பிள்ளைங்க குறைஞ்சா ஒரு டீச்சர் உபரி. முதல்ல போறது நீங்கதான், பார்த்துக்குங்க."

நான் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பதினோரு பேரில் ஒரு பெண், வாழைத்தோப்பு வேலைக்குப் போகிறவரின் மகள். கரும்பலகையில் இருப்பதை அச்சுப்போல எழுதுவாள். எழுதியதை வாசிக்கச் சொன்னால் தலை குனிவாள். அவளுக்கு எழுத்துக் கூட்டவே தெரியாது என்பது எனக்குத் தெரியும். முழுப்பரீட்சையில் தமிழுக்கு எழுபத்தெட்டு போட்டேன்.

ஜூன் மாதம் ஒரு மதியம் அவளுடைய அம்மா அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். நான் போட்ட மார்க்கை நம்பி, எட்டாம் வகுப்பில் சேர்க்க ஒரு தனியார் பள்ளிக்குப் போயிருக்கிறார். அங்கே நாலு வரி வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"நாலாவதுல வேணா போடுறோம்ங்கிறாங்க டீச்சர். எல்லார் முன்னாடியும் சிரிச்சாங்க." மதிப்பெண் அட்டையை மேசையில் வைத்தார். "எனக்குத்தான் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமுல்ல?"

தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை.

"சாயங்காலம் இருக்கச் சொல்லுங்கம்மா. நான் சொல்லித் தரேன்" என்றேன்.

மறுநாளிலிருந்து நாலு மணிக்கு மேல் இருவரும் உட்கார்ந்தோம். முதலாம் வகுப்புப் புத்தகம். பதிமூன்று வயதில் அம்மா, ஆடு, இலை. இரண்டாம் வாரம் 'மரம்' என்று தானாக வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். அன்று சின்னப் பிள்ளைகள் சிலர் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் புத்தகத்தை மூடினாள். அதற்குப் பிறகு பள்ளிக்கே வரவில்லை.

வீட்டுக்கு மூன்று முறை போனேன். இரண்டு முறை பூட்டியிருந்தது. மூன்றாவது முறை அம்மா வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"திருப்பூர்ல எங்க அக்கா வீட்டுல இருக்கா. பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுறா."

"சின்னப் பொண்ணும்மா. கூட்டிட்டு வாங்க, நான் இருக்கேன்."

"நீங்க இருந்தீங்களே டீச்சர், இத்தனை வருஷமா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். விசாரிப்பதாகச் சொன்னார்கள். பதிவேட்டில் 'இடைநின்றவர்' என்று என் கையாலேயே எழுதினேன். ஆகஸ்டில் பள்ளியில் மிஞ்சிய பிள்ளைகளுக்கு இத்தனை ஆசிரியர்கள் அதிகம் என்று கணக்கிட்டு என்னை வையம்பட்டிப் பக்கம் மாற்றினார்கள்.

கிளம்பும் முன் ஒருமுறை அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கா. இனிமே கூப்பிடாதீங்க டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டார்.